மணவாளக்குறிச்சி மணல் முதல் ஓசூர் மோட்டார் வரை: 4எஃப் ஆர்பிட்டாலின் வரலாறு

அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரானைக் காண்பதற்கான வாய்ப்பு மிகுந்த வெளி ஆர்பிட்டால் எனப்படுகிறது. எஸ், பி, டி, எஃப் என ஆர்பிட்டால்கள் நான்கு வகைப்படும். பள்ளிப் பாடத்தில் எஸ், பி, டி ஆகியவற்றின் வடிவங்கள் படமாக வரையப்படும். எஃப் பெரும்பாலும் பெயரளவில் மட்டும் சொல்லப்படும். ஆனால் இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உருவாகும் மின்சார ஸ்கூட்டர்களின் சக்கரத்தைச் சுழற்றுவதில் இந்த எஃப் ஆர்பிட்டாலுக்குப் பெரும் பங்கு உண்டு. மோட்டாருக்குள் இருக்கும் வலிமையான நிலைகாந்தம், நியோடிமியம் என்ற தனிமத்தின் 4எஃப் எலக்ட்ரான்களை நம்பியிருக்கிறது. அந்தத் தனிமம் அடங்கிய மணல் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் கிடக்கிறது. மணலும் மோட்டாரும் ஒரே மாநிலத்தில் இருந்தும், இடையில் உள்ள காந்தம் நீண்டகாலமாக வெளிநாட்டிலிருந்தே வந்தது. இதற்கான காரணத்தின் ஒரு பகுதி வணிகத்திலும் அரசியலிலும் உள்ளது. மற்றொரு பகுதி, எலக்ட்ரான்கள் அணுவுக்குள் அமைந்திருக்கும் முறையிலேயே உள்ளது.

கயிற்றில் ஒட்டிய மணல்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நகரங்கள் வாயு விளக்குகளால் ஒளி பெற்றன. ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் உருவாக்கிய விளக்கு வலை, வாயுச் சுடரில் பட்டதும் வெண்ணிற ஒளி வீசியது. ஏறத்தாழ 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் கொண்டது அந்த வலை. கோயில் திருவிழாக்களிலும் மீன்பிடிப் படகுகளிலும் பிற்காலத்தில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலையும் இந்த வகையே.

தோரியத்துக்கு மூலமாக இருந்தது மோனசைட் என்னும் கனிமம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து வந்த தென்னை நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மணல் வந்த வழியைத் தேடி அவர் தென் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்தார். மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் தொழில் அதன்பின் தொடங்கியது. முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியரின் தொழில் முடிவுக்கு வந்தது. பிரிட்டிஷ் நிறுவனங்கள் அந்த இடத்தைப் பிடித்தன.

விடுதலைக்குப் பின் 1950 ஆகஸ்ட் 18 அன்று இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. மோனசைட்டைப் பக்குவப்படுத்தும் ஆலை 1952இல் கேரளத்தின் ஆலுவாவில் இயங்கத் தொடங்கியது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது மணவாளக்குறிச்சியும் உடன் வந்தது. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் இன்றும் அங்கே மணலிலிருந்து பிரிக்கப்படுகின்றன.

தோரியத்துக்காகத் தேடப்பட்ட மோனசைட்டில் தோரியத்தைவிட அதிக அளவில் இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள். இவற்றுள் நியோடிமியம் பிற்காலத்தில் இவ்வளவு மதிப்புப் பெறும் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

பிரியாத இரட்டையர்

அருமண் தனிமங்களின் வேதியியல் வரலாறு பெரும்பாலும் ஏமாற்றங்களின் வரலாறு. ஒரு தனிமம் என்று அறிவிக்கப்பட்ட பொருள் சில பத்தாண்டுகளில் இரண்டாகப் பிரியும். அவற்றுள் ஒன்று மீண்டும் பிரியும். 1841இல் சுவீடன் நாட்டு வேதியியலர் மொசாண்டர், லாந்தனத்தின் இரட்டையர் என்னும் பொருளில் டிடிமியம் என ஒன்றுக்குப் பெயரிட்டார். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அது தனிமமாகவே கருதப்பட்டது. 1885இல் வெல்ஸ்பாக் அதைப் பிரசியோடிமியம், நியோடிமியம் என இரண்டாகப் பிரித்தார்.

பிரிப்பதற்குக் கையாண்ட முறை எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. உப்பைக் கரைத்துப் படிகமாக்குவது. படிகத்தை எடுத்து மீண்டும் கரைப்பது. அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் தூய தூலியத்தைப் பெற 1911 வரை ஏறத்தாழ 15,000 முறை படிகமாக்கினார் என்று வேதியியல் வரலாறு பதிவு செய்கிறது.

அருமண்களின் எண்ணிக்கையையும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெண்டலீவின் அட்டவணையில் இவற்றுக்குப் பொருத்தமான இடம் கிடைக்கவில்லை. 1913-14இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர் அலைமாலையிலிருந்து அணு எண்களை வரிசைப்படுத்தினார். லாந்தனத்தின் அணு எண் 57, லுட்டீசியத்தின் அணு எண் 71 என்பதால் எத்தனை தனிமங்கள் இருக்க முடியும் என்பது தெளிவானது. இத்தனை தனிமங்கள் ஏன் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றன என்ற வினாவுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. மோஸ்லி 1915இல் கலிப்போலிப் போர்க்களத்தில் தமது 27ஆம் வயதில் இறந்தார்.

எலக்ட்ரான்களுக்கு இடம் ஒதுக்குதல்

விடை நீல்ஸ் போரிடமிருந்து வந்தது. 1913இல் அவர் முன்வைத்த அணு மாதிரி ஹைட்ரஜனுக்குப் பொருந்தியது. 1921-22இல் அவர் எல்லாத் தனிமங்களுக்கும் எலக்ட்ரான் அமைப்பை வகுக்க முயன்றார். அருமண்களில் ஒவ்வொரு தனிமத்திலும் கூடும் புதிய எலக்ட்ரான் வெளிக்கூட்டில் சேராமல், உள்ளே இருக்கும் நான்காம் கூட்டில் சேர்கிறது என்பதே அவரது விளக்கத்தின் சாரம்.

இதை ஒரு வீட்டோடு ஒப்பிடலாம். திண்ணையில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பது தெருவில் போவோருக்குத் தெரியும். உள்ளறையில் ஒருவர் இருக்கிறாரா, பத்துப் பேர் இருக்கிறார்களா என்பது தெரியாது. வேதிவினை திண்ணையில் நடப்பது. 4எஃப் ஆர்பிட்டால் உள்ளறை. அதை 5எஸ், 5பி எலக்ட்ரான்கள் வெளியிலிருந்து மறைத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே 4எஃப் துணைக்கூட்டில் மூன்று எலக்ட்ரான்கள் இருந்தாலும் ஒன்பது இருந்தாலும் அருமண் அயனிகள் வேதியியலில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

போரின் விளக்கத்துக்கு ஒரு சோதனை விரைவில் வந்தது. 72ஆம் தனிமம் அருமண் வகையைச் சேர்ந்தது என்று பிரெஞ்சு வேதியியலர் உர்பான் கூறிவந்தார். நான்காம் கூடு 71ஆம் தனிமத்தோடு நிறைவதால் 72ஆம் தனிமம் சிர்க்கோனியத்தை ஒத்திருக்க வேண்டும் என்றார் போர். கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் சிர்க்கான் கனிமத்தில் தேடி அதைக் கண்டுபிடித்தனர். அதுவே ஹாஃப்னியம். 1922 டிசம்பரில் போர் ஆற்றிய நோபல் உரையில் அந்தச் செய்தி இடம்பெற்றது. மணவாளக்குறிச்சி மணலில் உள்ள சிர்க்கானிலும் சிறிதளவு ஹாஃப்னியம் சிர்க்கோனியத்தோடு கலந்தே இருக்கிறது.

கூட்டின் கொள்ளளவுக்கான காரணம் 1925இல் வோல்ஃப்காங் பௌலி முன்வைத்த தவிர்ப்புத் தத்துவத்தால் தெளிந்தது. ஓர் அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றாக இருக்க முடியாது. எனவே ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. எஸ் வகையில் 1, பி வகையில் 3, டி வகையில் 5, எஃப் வகையில் 7 ஆர்பிட்டால்கள் உள்ளதால் எஃப் துணைக்கூடு 14 எலக்ட்ரான்களை ஏற்கும். 1926இல் ஷ்ரோடிங்கரின் அலைச்சமன்பாடு வந்தபின் எலக்ட்ரானின் வட்டப்பாதை என்ற கருத்து மறைந்து, எலக்ட்ரான் மேகத்தின் வடிவம் என்ற கருத்து நிலைபெற்றது. ஆர்பிட்டால் என்ற சொல்லை 1932இல் அமெரிக்க அறிவியலர் மல்லிகன் வழங்கினார்.

அதே காலத்தில் ஃபிரெடெரிக் ஹுண்ட், சம ஆற்றல் கொண்ட ஆர்பிட்டால்களில் எலக்ட்ரான்கள் முதலில் தனித்தனியே நிரம்புகின்றன என்ற விதியை வகுத்தார். 1925இல் அவர் அதைக்கொண்டு அருமண் அயனிகளின் காந்தத் திருப்புத்திறனைக் கணக்கிட்டார். சமாரியம், யூரோப்பியம் நீங்கலாக மற்றவற்றில் கணக்கு சோதனையோடு நன்கு பொருந்தியது. வேதியியலில் வேறுபாடு காட்டாத அருமண்கள் காந்தவியலில் ஒவ்வொன்றும் தனித்தன்மை காட்டுவது இதனால் விளங்கியது. உள்ளறையில் இருப்போரின் எண்ணிக்கையைக் காந்தப்புலம் அறிந்துகொள்கிறது.

வத்திராயிருப்பிலிருந்து டாக்கா வரை

ஆர்பிட்டால்களுக்கு வடிவமும் திசையும் உண்டு என்றால், படிகத்தின் காந்தப் பண்பும் திசைக்குத் திசை மாற வேண்டும். இந்த மாறுபாட்டை நுட்பமாக அளந்தவர்களுள் முன்னணியில் நின்றவர் ஒரு தமிழர். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1923இல் கல்கத்தாவில் சி.வி. இராமனிடம் ஆய்வுக்குச் சேர்ந்த அவர், 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்ட ஆய்வில் உடன் உழைத்தார். அதே ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர் பணியேற்றபின் தமது கவனத்தைப் படிகங்களின் காந்தப் பண்புக்குத் திருப்பினார். 1933இல் கல்கத்தா திரும்பியபின்னும் அந்த ஆய்வைத் தொடர்ந்தார்.

அவரது கருவி எளிய கட்டமைப்புடையது. மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்தில் நிறுத்துவார்கள். இழையின் மேல்முனையை மெதுவாகத் திருகினால், குறிப்பிட்ட கோணம் வரை படிகம் தன் திசையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதன்பின் சட்டென்று புரளும். புரளும் கோணத்திலிருந்து, வெவ்வேறு திசைகளில் படிகத்தின் காந்த ஏற்புத்திறன் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கணக்கிடலாம்.

கோபால்ட், நிக்கல், செம்பு போன்ற உலோகங்களின் உப்புப் படிகங்களைக் கிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் இவ்வாறு அளந்தனர். அவற்றுள் ஒன்று நம் ஊர்க் கடைகளில் மயில்துத்தம் என்று விற்கப்படும் காப்பர் சல்பேட். அதில் செம்பு அயனியைச் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகள் ஏறத்தாழ சதுரமாக அமைந்துள்ளன. அயனியின் 3டி எலக்ட்ரான்கள் இந்தச் சூழலின் மின்புலத்தால் கட்டுப்படுவதால் காந்தப் பண்பு திசைக்கேற்ப மாறுகிறது. படிகத்தின் மின்புலம் ஆர்பிட்டால்களைப் பிரிக்கிறது என்னும் கோட்பாட்டை 1929இல் ஹான்ஸ் பெத்தே வகுத்தார். வான் விளெக் அதைக் காந்தவியலில் வளர்த்தெடுத்தார். கிருஷ்ணன் குழுவின் அளவீடுகள் அந்தக் கோட்பாட்டுக்கு உரைகல்லாக அமைந்தன. 1940இல் கிருஷ்ணன் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று, 1961இல் மறைந்தார்.

இன்றைய மோட்டார்க் காந்தத்தைக் கிருஷ்ணன் உருவாக்கவில்லை. அதற்கும் அவருக்கும் நேரடித் தொடர்பும் இல்லை. ஆனால் குவார்ட்சு இழையில் அவர் அளந்த அந்தப் பிடிவாதம், அதாவது காந்தத்தன்மை படிகத்தின் ஒரு திசையை விட்டு அகல மறுப்பது, பின்னாளில் நிலைகாந்தத் தொழிலின் மையக் கேள்வியானது.

பிடிவாதம் கொண்ட காந்தம்

நல்ல நிலைகாந்தத்துக்கு இரண்டு பண்புகள் வேண்டும். காந்தத்தன்மை மிகுந்திருக்க வேண்டும். எதிர்ப்புலம் தாக்கும்போது அது திசை மாறாமலும் இருக்க வேண்டும். முதற்பண்பு இரும்பிடம் நிறைய உண்டு, இரண்டாவது போதவில்லை. இரும்பின் 3டி எலக்ட்ரான்களின் சுழற்சிக் காந்தம் படிகத்தின் திசைகளோடு தளர்வாகவே பிணைந்துள்ளது.

4எஃப் எலக்ட்ரான்கள் இதற்கு மாறானவை. அவற்றின் சுழற்சியும் ஆர்பிட்டால் இயக்கமும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், காந்தத்தின் திசையைத் திருப்பினால் எலக்ட்ரான் மேகமும் சேர்ந்து திரும்ப வேண்டும். நியோடிமிய அயனியில் மூன்று 4எஃப் எலக்ட்ரான்கள் உள்ளன. அவற்றின் மேகம் உருண்டையாக இல்லாமல் அடைபோலத் தட்டையாக உள்ளது. தட்டையான மேகம் படிகத்தின் மின்புலத்தில் ஒரு குறிப்பிட்ட வாட்டத்திலேயே பொருந்தி நிற்கும். திருப்ப முயன்றால் ஆற்றல் செலவாகும்.

மேகத்தின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் காடோலினியம் சான்று. அதன் அயனியில் ஏழு எலக்ட்ரான்கள் ஏழு ஆர்பிட்டால்களிலும் ஒவ்வொன்றாக அமர்ந்துள்ளன. இணைசேராத எலக்ட்ரான்கள் இதில்தான் மிகுதி. ஆனால் பாதி நிரம்பிய துணைக்கூட்டின் மேகம் முழு உருண்டை. உருண்டைக்கு எந்தத் திசையும் ஒன்றே என்பதால் காடோலினியத்தால் இரும்புக்குப் பிடிவாதம் கொடுக்க முடியாது.

1960களில் சமாரியம்-கோபால்ட் காந்தங்கள் உருவாகின. 1978இல் சயர் நாட்டின் கோபால்ட் சுரங்கப் பகுதியில் ஏற்பட்ட போரால் கோபால்ட் விலை உயர்ந்தபோது, இரும்பை அடிப்படையாகக் கொண்ட காந்தத்துக்கான தேடல் தீவிரமடைந்தது. ஜப்பானில் சுமிடோமோ நிறுவனத்தின் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஜான் குரோட்டும் தனித்தனியே ஒரே சேர்மத்தை அடைந்தனர். 1983இல் இரு குழுக்களும் அதை அறிவித்தன. இரண்டு நியோடிமிய அணுக்களுக்குப் பதினான்கு இரும்பு அணுக்களும் ஒரு போரான் அணுவும் என்ற விகிதம் கொண்ட அதில், பெருமளவு காந்தத்தன்மையை இரும்பின் 3டி எலக்ட்ரான்கள் தருகின்றன. பிடிவாதத்தைப் பெரிதும் நியோடிமியத்தின் 4எஃப் தருகிறது.

இதற்கு ஒரு குறை உண்டு. சூடேறினால் பிடிவாதம் தளரும். மோட்டார் இயங்கும்போது சூடாகும் என்பதால், நியோடிமியத்தின் ஒரு பங்குக்குப் பதிலாக டிஸ்புரோசியம் அல்லது டெர்பியம் சேர்க்கப்படுகிறது. இவற்றின் 4எஃப் மேகமும் தட்டையானதே. திசையை இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்.

எல்லைப்புறத் தொழிற்பகுதி

பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், அத்திப்பள்ளியைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் எல்லை தொடங்குகிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஓசூர் வாகன, பொறியியல் தொழில்களின் ஊராக வளர்ந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து சந்தைக்கு வந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2020இல் டி.வி.எஸ். நிறுவனத்தின் ஐக்யூப் மின்சார ஸ்கூட்டர் அறிமுகமானது. 2021இல் ஏத்தர் எனர்ஜி ஓசூரிலும் ஓலா எலெக்ட்ரிக் போச்சம்பள்ளியிலும் ஆலைகளை இயக்கத் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் இம்மாவட்டம் இந்தியாவின் மின்சார இருசக்கர வாகன உற்பத்தியில் முதன்மையான இடங்களுள் ஒன்றாயிற்று.

2025 ஏப்ரல் 4 அன்று சீனா, சமாரியம், காடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பட்டியலில் நியோடிமியம் இல்லை. ஆயினும் டிஸ்புரோசியமோ டெர்பியமோ கலந்த மோட்டார்க் காந்தங்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. சில வாரங்களில் இந்திய வாகனத் துறை காந்தத் தட்டுப்பாட்டை எதிர்கொண்டது. காந்தத்தின் எடையில் சிறு பங்கே ஆன ஒரு தனிமம் முழு வண்டியின் உற்பத்தியையும் தடுக்கும் நிலை உருவானது.

விடுபட்ட கண்ணி

இந்தியாவில் 1.3 கோடி டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாகவும், அதில் ஏறத்தாழ 72 லட்சம் டன் அருமண் ஆக்சைடுகள் அடங்கியுள்ளதாகவும் அணுசக்தித் துறை மதிப்பிட்டுள்ளது. மணல் இருந்தால் மட்டும் காந்தம் வந்துவிடாது. இடையில் தனிமங்களைப் பிரித்தல், ஆக்சைடை உலோகமாக்கல், உலோகக் கலவை செய்தல், பொடியாக்கி அழுத்திச் சுட்டுக் காந்தமாக்கல் எனப் பல படிகள் உள்ளன.

முதல் படியே 4எஃப் ஆர்பிட்டாலின் குணத்தால் கடினமானது. அணு எண் கூடக்கூட அருமண் அயனிகள் சிறுகச் சிறுகச் சுருங்குகின்றன. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை அயனி ஆரம் 103 பைக்கோமீட்டரிலிருந்து 86 பைக்கோமீட்டராகக் குறைகிறது. அடுத்தடுத்த இரண்டு தனிமங்களுக்கிடையே வேறுபாடு ஏறத்தாழ ஒரு பைக்கோமீட்டர்தான். லாந்தனாய்டு குறுக்கம் எனப்படும் இந்த நுண்ணிய வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே இன்றைய ஆலைகள், நீர்க்கரைசலுக்கும் கரிமக் கரைப்பானுக்கும் இடையே உப்புகளை மீண்டும் மீண்டும் கடத்திப் பிரிக்கின்றன. மோனசைட்டில் கதிரியக்கத் தன்மையுள்ள தோரியம் இருப்பதால் கழிவைக் கையாளும் பொறுப்பும் சேர்கிறது. மணல் எடுப்பதைக் கன்னியாகுமரிக் கடற்கரை ஊர் மக்கள் எதிர்ப்பதற்கு இந்த அச்சமும் கடலரிப்புக் கவலையும் காரணங்களாக உள்ளன.

2023இல் விசாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 3,000 கிலோ சமாரியம்-கோபால்ட் காந்தம் செய்யும் ஆலை தொடங்கப்பட்டது. 2025 நவம்பர் 26 அன்று, ஆண்டுக்கு 6,000 டன் அருமண் நிலைகாந்தங்களை உள்நாட்டில் செய்வதற்கான 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதற்கு முந்தைய மாதம் ஓலா எலெக்ட்ரிக், அருமண் சேராத ஃபெரைட் காந்த மோட்டாருக்கு அரசுச் சான்று பெற்றதாக அறிவித்தது. ஃபெரைட்டில் இருப்பது இரும்பு அயனி. அதன் 3டி துணைக்கூடு ஐந்து எலக்ட்ரான்களோடு பாதி நிரம்பியிருப்பதால் மேகம் உருண்டையானது. ஃபெரைட் காந்தத்தின் ஆற்றல் நியோடிமியக் காந்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. அந்தக் குறையை மோட்டாரின் வடிவமைப்பால் ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

உள்நாட்டில் காந்தம் செய்தாலும் ஒரு சிக்கல் எஞ்சும். மோனசைட்டில் நியோடிமியம் போன்ற இலேசான அருமண்கள் மிகுதி. டிஸ்புரோசியமும் டெர்பியமும் மிகக் குறைவு. அவற்றைக் காந்தம் முழுவதும் கலக்காமல் நுண்துகள்களின் விளிம்பில் மட்டும் பரவச் செய்து தேவையைக் குறைக்கும் முறை உலகின் பல ஆலைகளில் நடைமுறையில் உள்ளது.

கன்னியாகுமரியில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மதுரை, சேலம், கிருஷ்ணகிரி வழியாக ஓசூரைத் தொட்டுப் பெங்களூரு செல்கிறது. மணவாளக்குறிச்சிக்கும் ஓசூருக்கும் இடையே அந்த வழியில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். மணலில் உள்ள நியோடிமியம் மோட்டாரை அடைவதற்குக் கடக்க வேண்டிய தொலைவோ ஒரு பைக்கோமீட்டர் வேறுபாட்டில் தொடங்குகிறது.